நாற்பதாம் நாளுக்கு ஏழு வரி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெலிஸாருக்கு ஆடத் தெரியும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு முறை ஆடி, தலைநகர் சோஃபியா வரை கைதட்டல் வாங்கியவன். அப்படிப்பட்டவன் பன்னிரண்டு வருடமாகக் கூடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் நாற்காலி சரியில்லை என்று மாற்றினான். மேஜை ஜன்னலைப் பார்த்திருப்பதால் கவனம் சிதறுகிறது என்று சுவர்ப் பக்கம் திருப்பினான். சுவரைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது என்று மறுபடியும் ஜன்னல் பக்கமே திருப்பினான். பேனாவை விட்டுக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரை விட்டுப் பழைய டைப்ரைட்டர். காப்பியை விட்டுப் பார்த்தான். சிகரெட்டை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்துப் பார்த்தான். மனைவியின் தையல் மிஷின் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு வருடம் சண்டை போட்டான். அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு பர்காஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள். வீடு அமைதியாயிற்று. எழுத்து மட்டும் வரவில்லை.

எங்கள் ஊரில் இதையெல்லாம் மறைத்து வைக்க முடியாது. பகலில் அவன் ஊர் வாசகசாலையில் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிற வேலை பார்த்தான். மதியம் எதிர்க்கடையில் காப்பி குடிக்க வருவான். அங்கே உட்கார்ந்திருக்கும் கிழங்களுக்கு அதுதான் அன்றைய பொழுதுபோக்கு.

"என்ன வெலிஸார், அடுத்த புத்தகம் எப்படிப் போகுது?"

"ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடட்டும், ஓடட்டும். புடிச்சதும் சொல்லி அனுப்பு."

அவனும் சிரித்துவைப்பான். சிரிக்காமல் என்ன செய்வது!

அவனுடைய ஒரே புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த நாவலை மட்டும் ஊரே படித்தது. ஒரு பிரதி கசாப்புக் கடையிலிருந்து முடிதிருத்தும் கடைக்கும், அங்கிருந்து பாதிரியார் வீட்டுக்கும் போய், அட்டை கிழிந்து திரும்பி வந்தது. முழுவதும் படித்தவர்கள் குறைவு. எல்லோரும் ஒரு அத்தியாயத்தைத்தான் தேடிப் படித்தார்கள். அதில் ஒரு அப்பா நிலவறையில் செத்துப்போவார். குடிகார மூத்த மகன், சாறு சீக்கிரம் பொங்கட்டும் என்று நிலவறையின் காற்றுத் துளையில் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டு, அதை மறந்துவிட்டுத் தூங்கியிருப்பான். பெயர்களை வெலிஸார் மாற்றித்தான் எழுதியிருந்தான். மாற்றினால் யாருக்குத் தெரியாது? அவனுடைய அப்பா நிலவறையில் செத்தது ஊருக்கே தெரியும். அவனுக்கு இருப்பது ஒரே அண்ணன் என்பதும் தெரியும்.

எங்கள் பக்கம், ஸ்த்ருமா ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டம் இல்லாத வீடு கிடையாது. செப்டம்பர் கடைசியில் ஒயினுக்காகத் திராட்சையை மிதித்து நிலவறைத் தொட்டிகளில் நிரப்பினால் பத்துப் பதினைந்து நாள் பொங்கிக்கொண்டே இருக்கும். அப்போது அதிலிருந்து வருகிற காற்றுக்கு மணம் உண்டு, ஆனால் மூச்சுக்கு உதவாது. கனமான காற்று, தரையோடு தங்கிவிடும். அதற்காகத்தான் நிலவறைச் சுவரில் ஒரு துளை வைத்துக் கட்டுவார்கள். மேலே மிதக்கிற தோலையும் சக்கையையும் கட்டையால் அமுக்கிவிட தினம் இரண்டு தடவை இறங்க வேண்டும். இறங்கும்போது எரிகிற மெழுகுவர்த்தி கொண்டு போக வேண்டும். வர்த்தி அணைந்தால் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்துவிட வேண்டும். இது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் துளை திறந்திருக்கிறது என்று தெரிந்த வீட்டில் எவன் மெழுகுவர்த்தி கொண்டு போகிறான்? வெலிஸாரின் அப்பாவும் கொண்டு போகவில்லை.

அதெல்லாம் இருபத்தாறு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது, ஆகஸ்ட் கடைசியில், அண்ணன் மனோலும் போய்விட்டார். மிளகாய்த் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர் கூடைமேல் சாய்ந்தார், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயது.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்திய திங்கட்கிழமை அண்ணி ஸ்தமேனா வெலிஸாரின் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. தலையில் கறுப்புத் துணி, கையில் சுருட்டிய ஒரு காகிதம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நாப்பதாம் நாளுக்கு நோட்டீஸ் ஒட்டணும்," என்றார். "நீதான் எழுதித் தரணும்."

செத்தவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. பல்கேரியா முழுக்க அப்படித்தான். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, பிறகு வருடா வருடம். மேலே சிலுவை, ஓரத்தில் போட்டோ, நடுவில் நாலு வரி, கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். வீட்டுக் கதவில், பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக் கடை வாசலில், மரத்தில் எல்லாம் ஒட்டுவோம். புத்தகம் படிக்காத ஊர் அதை மட்டும் நின்று, கண்ணாடி போட்டு, ஒரு எழுத்து விடாமல் படிக்கும்.

"ரங்கெல்கிட்டே சொன்னா அவரே போட்டுக் குடுப்பாரே, அண்ணி," என்றான் வெலிஸார். ரங்கெல்தான் எங்கள் ஊரின் ஒரே அச்சகக்காரர்.

"போன தடவை அவர்தான் போட்டுக் குடுத்தாரு. 'காலம் ஆற்றாத காயம்'னு. அதுக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

சுருட்டிய காகிதத்தை மேஜையில் விரித்தார். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். போட்டோவில் மனோல் ஒரே ஒரு கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்கிற முகத்தோடு இருந்தார். போட்டோவுக்கு அடியில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "இப்பவாவது சாக்கை எடுத்தியா, மனோல்?"

வெலிஸாருக்குக் காது இரண்டும் சூடாயிற்று.

"எவன் எழுதினானோ, அவன் கை அழுகிப்போக," என்றார் ஸ்தமேனா. "ஆனா அவனுக்கு எடுத்துக் குடுத்தது நீ. உயிரோட இருந்தவரைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதத் தெரிஞ்சுதில்ல? செத்தவருக்கு ஏழு வரி எழுது. அவர் அன்னைக்குச் செஞ்சது தப்புதான். நான் இல்லேங்கலை. ஆனா அது மட்டுமா அவரு? ஊர் சிரிக்காத மாதிரி ஏழு வரி. வெள்ளிக்கிழமை ரங்கெல்கிட்டே போயாகணும்."

"அண்ணி, எனக்கு இப்பல்லாம் எழுதவே..."

"தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை."

போய்விட்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர் அன்னைக்குச் செஞ்சது தப்புதான்! அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் திறக்காத வாய் ஒரு திங்கட்கிழமையில் திறந்துவிடுமா?

அன்று அவன் உட்கார்ந்து எழுதினான். 'நல்ல கணவர், நல்ல தகப்பன்' என்று ஆரம்பித்தான், அடித்தான். 'மண்ணை நேசித்தவர்' என்றான். மனோல் மண்ணைத் திட்டாத நாள் கிடையாது, அதையும் அடித்தான். செவ்வாய்க்கிழமை வாசகசாலைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். இந்தத் தடவை வார்த்தைகள் வந்தன. அழகாகவே வந்தன. ஆறு, அதன் கரை, கரையில் நிற்கிற மரம் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. படித்துப் பார்த்தால் அதில் ஒரு இடத்திலும் அண்ணன் இல்லை. காகிதத்தைக் கசக்கினான். கசக்கின உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான், ஏனோ சட்டென்று கீழே போட்டுவிட்டான்.

புதன்கிழமை ரங்கெலின் அச்சகத்துக்குப் போனான். திருட்டுத்தனமாக ஒரு வழி தேடித்தான் போனான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ரங்கெலிடம் நோட்டீஸ் வாசகங்கள் நம்பர் போட்டு ஒரு அட்டையில் இருந்தன. யார் போய்க் கேட்டாலும் ஓட்டல்காரர் மாதிரி ஒப்பிப்பார்.

"நாலு நல்லா இருக்கும், 'உன் குரல் முற்றத்தில் கேட்கிறது'. ஏழு இந்த வருஷம் நிறையப் போகுது. ஒன்பது வேணாம், அது சின்ன வயசுல செத்தவங்களுக்கு."

"நாலையே போடுங்க," என்றான் வெலிஸார். "இங்கே அங்கே ரெண்டு வார்த்தையை மாத்திடறேன்."

ரங்கெல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "உங்க அண்ணி நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. அட்டையில இருக்கிறதைப் போட்டேன்னா என் மெஷினை ஸ்த்ருமாவுல தள்ளிருவாங்களாம். செய்யக்கூடிய பொம்பளை. எனக்கு வேற மெஷின் கிடையாது."

"ஒரு வரியும் வரமாட்டேங்குது, ரங்கெல்."

"அடப் பாவி! எழுத்தாளன்னு பேரு, ஏழு வரி வரலையா? உங்க அண்ணன் வருஷா வருஷம் அக்டோபர்ல வந்து, நின்ன இடத்துலயே சொல்லிட்டுப் போவாரு உங்க அப்பா நோட்டீஸுக்கு. அஞ்சே நிமிஷம்."

"என்ன சொல்வாரு?"

"என்னத்தை, சாதாரணமாத்தான். 'அப்பா, இந்த வருஷம் திராட்சை பரவாயில்லை'ம்பாரு. ஒரு வருஷம் 'ஆலங்கட்டி மழை எல்லாத்தையும் அடிச்சிருச்சு, அப்பா'ன்னாரு. அதையேதான் போட்டேன். கீழே உங்க பேரு." ரங்கெல் ஒரு டிராயரை இழுத்துப் பழைய நோட்டீஸ் ஒன்றைத் தேடி எடுத்தார். "பாரு. உன் பேர்தான் முதல்ல. தம்பி படிச்சவன், அவன் பேரை மேலே போடும்பாரு. அந்தப் புத்தகம் வந்த வருஷம்கூட நான் கேட்டேன், 'மனோல், இந்த வருஷமுமா?'ன்னு. 'அச்சு மாத்துறது உனக்குத்தானே கஷ்டம், இருக்கட்டும்'னுட்டாரு."

துக்கத்துடன், மகன்கள் வெலிஸார், மனோல். வெலிஸார் அந்த நோட்டீஸை எத்தனையோ தடவை பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறான். பார்த்த வேகத்தில் எதிர்ப்பக்கம் போய் நிற்பான். கீழே யார் பெயர் இருக்கிறது என்று படித்ததில்லை.

புத்தகம் வந்த வருடம் மனோல் ஒரு நாள் அவன் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "படிச்சேன்," என்றார். கொஞ்ச நேரம் கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "நல்லா எழுதியிருக்கே." அவ்வளவுதான் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், வெலிஸாருக்கு அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஊர் மனோலை என்ன பாடு படுத்தியது என்பது எனக்குத் தெரியும், வெலிஸாருக்கும் தெரியும். விருந்துக்கு ஒரு கோப்பைக்கு மேல் ரக்கியாச் சாராயம் தொடாத மனுஷனுக்கு, புத்தகத்தைப் படித்துவிட்டு, இரண்டாவது கோப்பையை ஊற்றிக் கண்ணடித்தார்கள். அறுவடைக் காலத்தில் யார் வீட்டு நிலவறைப் பக்கமாவது அவர் போனால், "ஏ, துளையைப் பாத்துக்கோ, மனோல் வர்றாரு," என்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் அவர் யார் வீட்டு நிலவறைக்கும் போவதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

வியாழக்கிழமை நண்பகல் வெலிஸார் மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் திராட்சையை மிதித்துத் தொட்டியில் போட்டு மூன்று நாள் ஆகிறது, தெரு முழுக்கப் புளித்த இனிப்பு வாசனை. ஒரு குளவி உள்ளே வந்தது. காகிதத்தின்மேல் உட்கார்ந்தது. இன்னொன்று வந்தது. அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

இதே அறை. இதே ஜன்னல். நேர் கீழே நிலவறையின் காற்றுத் துளை. இருபத்து நாலு வயதில் இங்கேதான் உட்கார்ந்து முதல் கதையை எழுதிக்கொண்டிருந்தான். துளையிலிருந்து வந்த வாசனைக்குக் குளவிகள் கூட்டம் கூட்டமாக மொய்த்து, பாதி இந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்து வழிந்தது. கதை நல்ல இடத்தில் நின்றுகொண்டிருந்தது, விட மனசில்லை. எழுதிக் கழித்த காகிதங்களை அள்ளிக் கசக்கி உருட்டிக்கொண்டு கீழே போய்த் துளையில் திணித்தான். ஒரு மணி நேரத்துக்குத்தான். எழுதி முடித்ததும் எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். கதை ஓடியது. அன்று ஓடின மாதிரி அதற்கு முன்னால் ஓடியதில்லை. அப்பா சக்கையை அமுக்கிவிட இறங்கினது அவன் காதில் விழவே இல்லை.

மனோல்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் கிடத்திவிட்டு, துளையண்டை போய்க் காகித உருண்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். தம்பி கையெழுத்து அவருக்குத் தெரியாதா? மாடிப்படியில் நின்ற தம்பி கையில் எல்லாவற்றையும் அள்ளி வைத்தார். "போ, ஆளுங்க வர்றதுக்குள்ள அடுப்புல போடு," என்றார். கேட்டவர்களிடம், காற்றில் ஏதோ குப்பை வந்து அடைத்துவிட்டது என்றார். ஊர் நம்பியது. பதினாலு வருடம் அதையேதான் நம்பியது. பிறகு அந்த நாவல் வந்தது.

நாவலில் அவன் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் மூன்று மாதம் பேனா நகரவில்லை. பிறகு ஒரு நாள், காகிதத்துக்குப் பதில் சாக்கு, தம்பிக்குப் பதில் அண்ணன் என்று மாற்றிப் பார்த்தான், சும்மா. ஒரே வாரத்தில் நாற்பது பக்கம் பாய்ந்தது. புத்தகத்திலேயே சிறந்த அத்தியாயம் அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு அவன் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சோறு இறங்கவில்லையே என்று பன்னிரண்டு வருடம் தட்டை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்!

வெலிஸார் ஜன்னலைச் சாத்தவில்லை. மேஜைக்கு வந்து, குளவி உட்கார்ந்திருந்த காகிதத்தையே எடுத்து எழுதினான். அழகாக ஒரு வார்த்தை வரவில்லை. எழுத்தும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது. அடித்தல் திருத்தல் கிடையாது. ஏழு வரி. முடித்ததும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்தமேனா வீட்டுக்குப் போனான். மறுநாள் கல்லறைக்குக் கொண்டு போக வேண்டிய கோதுமையை அவித்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஆற வைத்திருந்தார். அக்ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார்.

"மனோல் போய் நாற்பது நாள். இருபத்தாறு வருடத்துக்கு முன் எங்கள் அப்பா நிலவறையில் இறந்தபோது காற்றுத் துளையை அடைத்தது மனோல் அல்ல. குளவி வருகிறது என்று காகிதம் திணித்து அடைத்தது அவர் தம்பி. மனோல் அதை உருவித் தம்பி கையில் கொடுத்து எரிக்கச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதியிருப்பது பொய். மனோல் குடிகாரரும் அல்ல."

கீழே, துக்கத்துடன், மனைவி ஸ்தமேனா, மகள் ரலிட்ஸா.

ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். வெலிஸார் கதவருகே நின்றான். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"இது நெஜமா?"

"நெஜம், அண்ணி."

ஸ்தமேனா கோதுமை பரப்பியிருந்த மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டேன்டா அவரை," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "உன் புத்தகத்தைப் படிச்சிட்டு நேரா போய்க் கேட்டேன், 'நீ செஞ்சியா?'ன்னு. 'செஞ்சிருந்தா என்ன பண்ணுவே?'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் அதை ஆமாம்னு எடுத்துக்கிட்டேன். உங்க அப்பா எனக்கு மாமனார் இல்லைடா, பெத்த அப்பா மாதிரி பாத்துக்கிட்டாரு என்னை. அவரைக் கொன்னுட்டு என் பக்கத்துல படுத்திருக்கான்னு நெனச்சேன். அன்னைக்கே அவர் கட்டிலைத் தூக்கி அடுக்களையில போட்டேன். பன்னெண்டு வருஷம்! பன்னெண்டு வருஷம் அந்த மனுஷன் அடுக்களையில படுத்தாரு. ஒரு நாள் ஏன்னு கேக்கலை."

அதோ, அங்கேயே இருந்தது, அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில், ஒடுக்கமான ஒற்றைக் கட்டில். மேலே கம்பளி மடித்து வைத்திருந்தது.

"அண்ணி..."

அவர் அடித்தார். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று, பிறகு எங்கே என்று பார்க்காமல். அக்ரோட்டு உடைத்த கை, கனமான கை. வெலிஸார் கையைத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்து, கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்டவன் சாகும் வரை மறக்க மாட்டான். மனோலை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காகிதத்தைத் திரும்ப எடுத்தார்.

"'அவர் தம்பி'," என்று படித்தார். "எந்தத் தம்பி? பேர் இல்லையா அந்த நாய்க்கு?"

காகிதத்தை வெலிஸார் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுலயுமா ஒளிஞ்சுக்கிறே? ஊர்ல எவனோ ஒருத்தன் செஞ்ச மாதிரி எழுதி வெச்சிருக்கே. கீழே எங்க பேரு மட்டும் இருக்கு. எங்க ரெண்டு பேரையும் முன்னாடி நிக்க வெச்சிட்டு நீ எங்கே போறே? பேர் இல்லாம ஒருத்தன் பென்சிலால கிறுக்கிட்டுப் போனானே, அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"அந்த இடத்துல என் பேரைப் போட எனக்கு யோக்கியதை இல்லை, அண்ணி. அதனாலதான்..."

"யோக்கியதை இல்லைதான். அதுக்காக விட்டுடுவேனா? போடுறா பேரை."

அவன் பேனாவை எடுத்தான். மேஜையில் இடம் இல்லை, கோதுமை பரப்பியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் மண்டிபோட்டு, கம்பளிமேல் காகிதத்தை வைத்து, 'அவர் தம்பி' என்பதை அடித்துவிட்டு 'நான், வெலிஸார்' என்று எழுதினான். தம்பி என்று இருந்த இடமெல்லாம் அப்படியே மாற்றினான். புத்தகம் என்ற இடத்தில் 'என் புத்தகம்' என்று சேர்த்தான். கீழே, மகள் பெயருக்கு அடுத்து, தம்பி வெலிஸார் என்று எழுதி நிறுத்தினான்.

"முதல்ல போடு," என்றார் ஸ்தமேனா. "அவர் எப்பவும் உன் பேரைத்தானே முதல்ல போடுவாரு."

ரங்கெல் அதை வாங்கிப் படித்தார். எழுபது வயது மனுஷன், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர், அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். வழக்கமாக இருபது போடுவோம். ஸ்தமேனா அறுபது என்றார்.

சனிக்கிழமை, பாதிரியார் வருவதற்கு முன்னால், இரண்டு பேரும் ஒட்டப் போனார்கள். பசை வாளி வெலிஸார் கையில், நோட்டீஸ் கட்டு அண்ணி கையில். முதல் நோட்டீஸை எங்கே ஒட்டுவது என்று அவர்தான் சொன்னார். வெலிஸாரின் வீட்டுக் கதவில். இரண்டாவது, தெருவைப் பார்க்கிற நிலவறைச் சுவரில், காற்றுத் துளைக்கு ஒரு சாண் தள்ளி. பிறகு ரொட்டிக் கடை, சர்ச் வாசல், வாசகசாலை, காப்பிக் கடை. கிழங்கள் எழுந்து வந்து கண்ணாடி போட்டுப் படித்தார்கள். யாரும் அடுத்த புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பஸ் நிறுத்தத்தில் சந்தைக்குப் போகிற அம்மாள் ஒருவர் கூடையோடு நின்றார். மெதுவாக, விரலை வைத்துப் படித்தார்.

"இந்தாப்பா, புத்தகத்துல வேற மாதிரில்ல இருந்துச்சு?"

"புத்தகத்துல பொய் எழுதியிருந்தேன், அம்மா," என்றான் வெலிஸார்.

"அடக் கடவுளே," என்றார் அந்த அம்மாள். "அந்த மனுஷன் போன வருஷம் எங்க வீட்டுத் தொட்டியைத் தூக்கி வைக்க வந்தாரு. நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பினேன்." கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வந்த பஸ்ஸில் ஏறவில்லை.

சர்ச் மணி அடித்தது. ஸ்தமேனா மீதி இருந்த ஒரே நோட்டீஸை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல்லறையில் வைக்கவா, வீட்டில் அந்தக் கட்டிலுக்கு மேலே ஒட்டவா, அவர் சொல்லவில்லை. வெலிஸார் வாளியோடு அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

"நீ வராதே," என்றார் அவர், திரும்பாமல். "இன்னைக்கு நான் மட்டும் போய் அவர்கிட்டே பேசணும். மன்னிப்பு கேக்க வேண்டியவ நான் ஒருத்தி முதல்ல இருக்கேன்."

அவன் நின்றான். நாலடி போனவர் நின்று, தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அரை வருஷத்துக்கு அடுத்த நோட்டீஸ். அப்பாவைத் தூக்கிட்டு வந்தவரைப் பத்தி, அடுக்களையில படுத்தவரைப் பத்தி, இதுல ஒண்ணுமே வரலை. ஏழு வரி பத்தாது. போய் எழுது."

வெலிஸார் வீட்டுக்குப் போனான். கதவில் தன் பெயரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஜன்னல் திறந்தே இருந்தது, மேஜைமேல் நாலைந்து குளவிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டாமல் உட்கார்ந்து, அண்ணன் நிலவறைப் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய இடத்திலிருந்து ஆரம்பித்தான்.